கணினிக்கு வெளியே ஒரு வானொலி: கம்பியில்லா இணைப்புக் கருவிகளின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கம்பியில்லா வசதி உள்ளமைக்கப்படாத கணினியை வீட்டு வலையமைப்பில் இணைப்பதற்கு மூவகைக் கருவிகள் பயன்பட்டு வந்துள்ளன. அவை கணினிக்குள் பொருத்தப்படும் செருகு அட்டை, யூஎஸ்பி வழியாக இணையும் ஏற்பி, ஈதர்நெட் கம்பி வழியாக இணையும் பாலம் என்பன. இவற்றை வேகம், விலை ஆகியவற்றின் அடிப்படையில் ஒப்பிடுவதே வழக்கமாக உள்ளது. வானொலியை இயக்கும் பொறுப்பு கணினியிடம் உள்ளதா, கணினிக்கு வெளியேயுள்ள கருவியிடம் உள்ளதா என்னும் வினாவே இவற்றின் வரலாற்றை விளக்குவதற்கு ஏற்றது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. 1971ஆம் ஆண்டின் அலோஹா வலையமைப்பு தொடங்கி யூஎஸ்பி 3.0 கால இடையூறுச் சிக்கல் வரையிலான வளர்ச்சி இங்கு ஆராயப்படுகிறது.

குறிச்சொற்கள்: கம்பியில்லா வலையமைப்பு, ஏற்பி, பாலம், இயக்கி மென்பொருள், மறையாக்கம், அலைக்கற்றை உரிமம்.

முன்னுரை

இன்று விற்பனையாகும் மடிக்கணினிகளில் கம்பியில்லா இணைப்பு வசதி இல்லாதவற்றைக் காண்பது அரிது. ஆயினும் மேசைக்கணினிகள் பலவற்றிலும் பழைய கணினிகளிலும் இவ்வசதி இருப்பதில்லை. அத்தகைய கணினியை வீட்டு வலையமைப்பில் சேர்ப்பது சிறு கருவி ஒன்றை வாங்கிப் பொருத்தும் எளிய செயலாகவே கருதப்படுகிறது. தொழில்நுட்ப வரலாற்று நூல்களிலும் இக்கருவிகளுக்குத் தனியிடம் கிடைப்பதில்லை. தரநிலைகளின் வரலாறு விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. அத்தரநிலைகளைப் பழைய கணினிகளுக்குக் கொண்டுசேர்த்த அட்டைகளும் ஏற்பிகளும் இடைக்காலப் பொருள்களாக ஒதுக்கப்பட்டுள்ளன.

கம்பியில்லா வலையமைப்பு தோன்றிய காலத்தில் எல்லாக் கணினிகளும் வானொலி இல்லாத கணினிகளே. ஆகவே, வானொலி இல்லாத கணினியை இணைப்பது என்பது இத்துறையின் ஓரத்தில் நின்ற சிக்கல் அன்று. அதன் தொடக்கச் சிக்கலே அதுதான். அதற்குக் காணப்பட்ட தீர்வுகள் இருவகைப்பட்டன. ஒன்று, வானொலியைத் தனிக்கருவியாக வைத்து, கணினி அதனை அறியாமலேயே இயங்கச் செய்வது. மற்றொன்று, வானொலியைக் கணினியின் உறுப்பாக்கி, அதனை இயக்கும் பொறுப்பைக் கணினியின் மென்பொருளிடம் ஒப்படைப்பது. இவ்விரு வழிகளும் மாறி மாறி மேலோங்கியதையும் அதன் விளைவுகளையும் பின்வரும் பகுதிகள் விளக்குகின்றன.

1. அலோஹா: வானொலியை அறியாத முனையம்

ஹவாய்ப் பல்கலைக்கழகம் பல தீவுகளில் பரவிய கல்விக்கூடங்களைக் கொண்டது. ஓவாஹு தீவிலிருந்த ஐபிஎம் 360/65 கணினியைப் பிற இடங்களிலிருந்து பயன்படுத்தத் தொலைபேசிக் கம்பிகள் போதிய தரத்திலும் ஏற்ற விலையிலும் கிடைக்கவில்லை. நார்மன் ஆப்ராம்சன் தலைமையிலான குழு இதற்கு வானொலியைத் தேர்ந்தது. 1971ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அலோஹா வலையமைப்பு இயங்கத் தொடங்கியது. முனையங்கள் அனுப்ப ஓர் அலைவெண்ணும், மையம் பதிலளிக்க மற்றோர் அலைவெண்ணும் ஒதுக்கப்பட்டன. மையத்தில் பொதிகளைக் கையாண்ட சிறு கணினிக்கு, ஹவாய்த் தொன்மத்தில் இடம்பெறும் குள்ள மாந்தரின் பெயரான ‘மெனஹூனி’ என்பது சூட்டப்பட்டது.

பொதிகள் மோதினால் சிறிது நேரம் தாழ்த்தி மீண்டும் அனுப்புதல் என்னும் அலோஹாவின் நெறி பெரிதும் பேசப்பட்டுள்ளது. அந்நெறியில் அலைவரிசையின் கொள்ளளவில் ஏறத்தாழ 18 விழுக்காடே பயன்படும் என்பதும், காலக்கூறுகளாகப் பகுத்தால் அது இரு மடங்காகும் என்பதும் கணித வழி நிறுவப்பட்டன. ராபர்ட் மெட்கால்ஃப் 1973இல் ஈதர்நெட்டை உருவாக்குவதற்கும் அலோஹா தூண்டுதலாக அமைந்தது.

இக்கட்டுரையின் நோக்கில் முதன்மை பெறுவது வேறொரு பகுதி. முனையத்திற்கும் வானொலிக்கும் இடையில் ‘முனையக் கட்டுப்பாட்டு அலகு’ எனும் பெட்டி வைக்கப்பட்டது. அலைவாங்கி, வானொலி, மோடம், தாங்ககம், கட்டுப்பாட்டுச் சுற்று ஆகியவை அதனுள் அடங்கின. முனையம் ஆர்எஸ்-232 என்னும் வழக்கமான தொடர் இணைப்பு வழியாக அப்பெட்டியுடன் பேசியது. பொதி அமைத்தல், மோதலை உணர்தல், மீள அனுப்புதல் ஆகிய அனைத்தும் பெட்டியின் பணி. முனையத்தைப் பொறுத்தவரை அது ஒரு கம்பியின் மறுமுனை மட்டுமே. சந்தையில் கிடைத்த எந்த முனையத்தையும் மாற்றமின்றி இணைக்க முடிந்ததற்கு இதுவே காரணம். கம்பியில்லா வசதி இல்லாத கருவியை வலையமைப்பில் சேர்த்த தொடக்ககாலத் தீர்வு, இன்றைய சொல்லில் கூறினால், ஒரு பாலமே ஆகும்.

2. உரிமமற்ற அலைக்கற்றையும் செருகு அட்டையும்

1985ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம், தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்த மூன்று அலைக்கற்றைகளில் பரவல் நிறமாலை முறையிலான தொடர்பைத் தனியுரிமம் இன்றி அனுமதித்தது. 915 மெகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5.8 கிகாஹெர்ட்ஸ் ஆகியவற்றை ஒட்டிய பகுதிகள் அவை. நுண்ணலை அடுப்புகளின் இரைச்சல் நிறைந்த இப்பகுதிகளை உரிமம் பெற்ற சேவைகள் விரும்பியதில்லை. அதனாலேயே அவை பொதுவெளியாக எஞ்சின.

இவ்வாய்ப்பைப் பயன்படுத்திய நிறுவனங்களுள் என்சிஆர் குறிப்பிடத்தக்கது. பணப்பதிவு இயந்திரங்களைத் தயாரித்த அந்நிறுவனத்திற்கு, கடையின் அமைப்பு மாறும்போதெல்லாம் கம்பிகளை மாற்றிப் பதிப்பது பெருஞ்சுமையாக இருந்தது. நெதர்லாந்திலிருந்த அதன் பொறியாளர்கள் ‘வேவ்லான்’ என்னும் அட்டையை உருவாக்கினர். கணினியின் தாய்ப்பலகையிலுள்ள செருகிடத்தில் பொருத்தப்பட்ட அந்த அட்டை, 915 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் இயங்கியது. அலோஹாவின் பெட்டி இப்போது கணினிக்குள் நுழைந்துவிட்டது. அதனுடன் ஒரு புதிய தேவையும் நுழைந்தது: அட்டையைக் கணினிக்கு அறிமுகப்படுத்தும் இயக்கி மென்பொருள்.

ஒவ்வொரு நிறுவனத்தின் அட்டையும் அந்நிறுவனத்தின் அட்டையுடன் மட்டுமே பேசிய நிலையை மாற்றப் பொதுத் தரநிலை வேண்டப்பட்டது. என்சிஆரின் விக் ஹேய்ஸ் 1990 முதல் பத்தாண்டுகள் தலைமையேற்ற ஐ.இ.இ.இ. 802.11 பணிக்குழு, 1997இல் நொடிக்கு 1, 2 மெகாபிட் வேகங்களுக்கான தரநிலையை வெளியிட்டது. 1999இல் 11 மெகாபிட் வேகத்திற்கான 802.11பி உருவானது. அதே ஆண்டில் தோன்றிய தொழிற்கூட்டமைப்பு, வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்று இயங்குவதைச் சோதித்துச் சான்றளிக்கத் தொடங்கியது. ‘வைஃபை’ என்பது அச்சான்றிற்கென வணிகப்பெயர் ஆலோசனை நிறுவனம் ஒன்று படைத்த பெயர். அது எச்சொற்றொடரின் சுருக்கமும் அன்று.

3. வீட்டை அடைதல்: 1999 முதல் 2003 வரை

1999ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஆப்பிள் நிறுவனம் ஐபுக் மடிக்கணினியை நியூயார்க்கில் அறிமுகப்படுத்தியது. கம்பியில்லா வசதியைப் பொதுநுகர்வோரிடம் கொண்டுசென்ற நிகழ்வாக இது போற்றப்படுகிறது. ஆனால் அக்கணினியிலும் வானொலி உள்ளமைக்கப்படவில்லை. அலைவாங்கிகளும் செருகிடமும் மட்டுமே உடலில் அமைந்திருந்தன. லூசென்ட் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் உருவான ஏர்போர்ட் அட்டையை 99 டாலருக்குத் தனியே வாங்க வேண்டியிருந்தது. வீட்டில் வைக்கும் அடிநிலையத்தின் விலை 299 டாலர். வேவ்லானை உருவாக்கிய பிரிவு என்சிஆரிலிருந்து ஏடி அண்ட் டி வழியாக லூசென்ட்டிடம் வந்திருந்தமையால், கடைக்கென உருவான தொழில்நுட்பமே வீட்டை அடைந்தது எனலாம்.

பிற மடிக்கணினிகளுக்குப் பிசி கார்டு எனப்பட்ட மெல்லிய அட்டைகள் விற்கப்பட்டன. மேசைக்கணினிகளில் அந்த அட்டையைச் செருகுவதற்கென்றே மற்றொரு அட்டை பொருத்தப்பட்ட காலமும் உண்டு. 2003 மார்ச் மாதத்தில் இன்டெல் ‘சென்ட்ரினோ’ என்னும் வணிகப்பெயரை வெளியிட்டது. செயலி, துணைச்சில்லு, கம்பியில்லா அட்டை ஆகிய மூன்றும் இன்டெல்லினுடையதாக இருந்தால் மட்டுமே கணினி நிறுவனங்கள் அப்பெயரைப் பயன்படுத்த முடிந்தது. வானொலி மடிக்கணினியின் உறுப்பாக நிலைபெற்றதில் இவ்வணிக நிபந்தனைக்குப் பெரும்பங்கு உண்டு. மேசைக்கணினிக்கு அத்தகைய நிபந்தனை எதுவும் அமையவில்லை. ஓரிடத்தில் நிற்கும் கணினிக்குக் கம்பியே போதும் என்பது அலுவலகத்திற்குப் பொருந்தியது; சுவர்களுக்குள் வலையமைப்புக் கம்பி பதிக்கப்படாத வீட்டிற்குப் பொருந்தவில்லை. மேசைக்கணினி கம்பியில்லா உலகின் புறத்தே நின்றமைக்கு இதுவே பின்புலம்.

4. யூஎஸ்பி ஏற்பி: வசதியும் வரம்பும்

கணினியின் உறையைத் திறக்க அஞ்சிய பயனருக்கு யூஎஸ்பி ஏற்பி விடையாக வந்தது. இதன் வளர்ச்சி கணினித் துறைகளின் வேகத்தோடு பிணைந்திருந்தது. யூஎஸ்பியின் முதல் தலைமுறை நொடிக்கு 12 மெகாபிட் மட்டுமே தாங்கும். 11 மெகாபிட் கொண்ட 802.11பி அதற்குள் அடங்கியது. 2003இல் 54 மெகாபிட் கொண்ட 802.11ஜி வந்தபோது அது போதாமற்போயிற்று. 2000ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்ட யூஎஸ்பி 2.0, 480 மெகாபிட் வரை தாங்கும். ஆகவே, புதிய ஏற்பியைப் பழைய கணினியின் துறையில் செருகியவர்க்கு இணைப்புக் கிடைத்தது, வேகம் கிடைக்கவில்லை.

அலைவாங்கியின் இருப்பிடமும் கருதத்தக்கது. மேசைக்கணினியின் உட்புற அட்டையில் அலைவாங்கி பெட்டியின் பின்புறம், உலோக உறைக்கும் சுவருக்கும் இடையில் அமைகிறது. உலோகம் அலைகளைத் தடுப்பதால் ஏற்பு வலுவிழக்கிறது. யூஎஸ்பி ஏற்பியை நீட்டிப்புக் கம்பியின் துணையால் மேசைமேல் வைக்கலாம். சிறு கம்பி ஒன்றே இங்கு பேருதவியாகிறது. பிற்காலத்தில் இக்கம்பிக்கு இன்னொரு தேவையும் தோன்றியது. யூஎஸ்பி 3.0 துறைகளும் அவற்றில் இணைந்த கருவிகளும் எழுப்பும் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் படிந்து, அருகிலுள்ள வானொலியைப் பாதிக்கிறது என்பதை இன்டெல் 2012இல் வெளியிட்ட தொழில்நுட்ப அறிக்கை விளக்கியது. ஏற்பியைத் துறையிலிருந்து விலக்கி வைப்பதும், உறையிடுதலைச் செம்மைப்படுத்துவதும் தீர்வாயின.

5. இயக்கி மென்பொருள்: தரநிலை எட்டாத இடம்

802.11 தரநிலை காற்றில் செல்லும் சைகைகளை வரையறுத்தது. கணினிக்கும் அட்டைக்கும் இடையிலான உரையாடலை அது வரையறுக்கவில்லை. காற்றுவெளி பொதுவாக இருந்தபோதும் அட்டையின் உள்ளமைப்பு தயாரிப்பாளரின் தனியுடைமையாகவே நீடித்தது. 2001 அக்டோபரில் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி, கம்பியில்லா வலையமைப்புகளைத் தானே கண்டறிந்து இணைக்கும் வசதியைக் கொண்டிருந்தது. ஆயினும் அட்டைக்குரிய இயக்கியைத் தயாரிப்பாளரே வழங்க வேண்டும். அந்த இயக்கி குறுந்தகட்டில் வந்தது; குறுந்தகடு தொலைந்தால் இணையத்தில் தேட வேண்டும்; இணையத்தை அடைய அதே இயக்கி வேண்டும். இம்முடிச்சை அவிழ்க்கச் சில யூஎஸ்பி ஏற்பிகள் செருகப்பட்டவுடன் குறுந்தகட்டு இயக்ககமாகத் தோன்றி, இயக்கியை அளித்த பின்னரே வானொலியாக மாறும்படி அமைக்கப்பட்டன. ஒரே விற்பனைப் பெயரில் வெவ்வேறு பதிப்புகளில் வெவ்வேறு சில்லுகள் இடம்பெற்றதும் உண்டு. பெட்டியின் மேலுள்ள பெயரைக் கொண்டு உள்ளிருக்கும் சில்லினை அறிய இயலாத நிலை இது.

கட்டற்ற மென்பொருள் சமூகத்தில் இச்சிக்கல் கூர்மையாக வெளிப்பட்டது. லினக்ஸுக்கு இயக்கி கிடைக்காத அட்டைகளுக்காக, விண்டோஸ் இயக்கியையே லினக்ஸில் ஏற்றி இயக்கும் ‘என்டிஐஎஸ்ராப்பர்’ உருவாக்கப்பட்டது. இன்டெல் வகைச் செயலிகளில் மட்டுமே அது இயன்றது. உள்ளே நிகழ்வது எதுவும் பயனருக்குத் தெரிவதில்லை. ஓபன்பிஎஸ்டி திட்டத்தின் தியோ டி ராட் வேறு வழியைத் தேர்ந்தார். அட்டையின் நிலைமென்பொருளைத் தடையின்றிப் பகிரவும் ஆவணங்களைப் பெறவும் உரிமை கோரிச் சில்லுத் தயாரிப்பாளர்களிடம் இயக்கம் நடத்தினார். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2004ஆம் ஆண்டு விருது அவருக்கு வழங்கப்பட்டது.

2007இல் லினக்ஸ் கருவகத்தின் 2.6.22ஆம் பதிப்பில் கம்பியில்லா இயக்கிகளுக்கான பொது அடித்தளம் சேர்க்கப்பட்டது. 2008இல் ஏதெரோஸும் 2010இல் பிராட்காமும் தம் புதிய சில்லுகளுக்குரிய திறந்த இயக்கிகளை வெளியிட்டன. காற்றில் 1997இல் எய்தப்பட்ட பொதுமை, கணினிக்கும் அட்டைக்கும் இடையில் ஓரளவேனும் எய்தப்பட மேலும் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று.

6. பாலம்: பழைய வழியின் மறுவரவு

இயக்கிச் சிக்கலைத் தவிர்க்கும் மூன்றாம் வழி ஈதர்நெட் பாலம். கணினியின் ஈதர்நெட் துறையில் கம்பி வழியாக இணையும் இச்சிறு பெட்டி, வீட்டின் கம்பியில்லா வலையமைப்பில் தானே உறுப்பாகச் சேர்கிறது. கணினிக்கு அது வெறும் ஈதர்நெட் கம்பி. எந்த இயங்குதளமும் எவ்விதப் புதிய மென்பொருளும் இன்றி இதனைப் பயன்படுத்த இயலும். அச்சுப்பொறி, விளையாட்டுக் கருவி போன்று இயக்கியை நிறுவவே வழியற்ற கருவிகளுக்கும் இது பொருந்தியது.

இதற்கும் ஒரு தொழில்நுட்ப வரம்பு உண்டு. வழக்கமான 802.11 சட்டகத்தில், பயனர் நிலையத்திலிருந்து அணுகுபுள்ளிக்குச் செல்லும்போது மூன்று முகவரிகளே இடம்பெறுகின்றன. அனுப்பும் வானொலியும் செய்தியின் மூலமும் ஒன்றே எனக் கொள்ளப்படுவதால், பாலத்திற்குப் பின்னால் பல கணினிகள் நின்றால் அவற்றின் முகவரிகளைத் தனித்தனியே சுமக்க இடமில்லை. ஒரு கணினி மட்டும் இருப்பின் பாலம் அதன் முகவரியையே தன் முகவரியாக ஏற்கலாம். பலவாயின் முகவரிகளை மாற்றி எழுதும் உத்தியோ, இரு முனைகளும் உடன்பட்ட நான்கு முகவரி முறையோ வேண்டும்.

லிங்க்சிஸின் டபிள்யூஆர்டி54ஜி திசைவி இவ்வழியை விரிவாக்கியது. அதன் நிலைமென்பொருள் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டிருந்தமை கண்டறியப்பட்டு, பொது உரிமத்தின் நிபந்தனைப்படி 2003இல் மூலநிரல் வெளியிடப்பட்டது. 2004இல் தொடங்கிய ஓபன்டபிள்யூஆர்டி உள்ளிட்ட மாற்று நிலைமென்பொருள்கள் அதிலிருந்து கிளைத்தன. இவற்றின் துணையால் பழைய திசைவி ஒன்றைப் பாலமாக மாற்ற முடிந்தது. ஒதுக்கப்பட்ட கருவி, வானொலியற்ற கணினிக்கு வானொலியாயிற்று. அலோஹாவின் கட்டுப்பாட்டு அலகு செய்த பணியையே அதுவும் செய்தது.

7. மறையாக்கம்: ஒரு கருவியின் சுமை அனைவர்க்கும்

இணைப்பு என்பது தனியொரு கணினியின் விவகாரம் அன்று என்பதைப் பாதுகாப்பின் வரலாறு தெளிவாக்குகிறது. தொடக்கத் தரநிலையின் மறையாக்க முறையான வெப், ஆர்சி4 நெறியை 40 பிட் திறவியுடனும் 24 பிட் தொடக்க எண்ணுடனும் பயன்படுத்தியது. திறவி இவ்வளவு குறுகியதற்கு அக்கால அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் காரணமாயின. நீண்ட திறவியை ஏற்ற அட்டைகள் பின்னர்க் கூடுதல் விலையில் வந்தன. எனினும் 24 பிட் எண் 1,67,77,216 மதிப்புகளையே தரும். நெரிசல் மிக்க வலையமைப்பில் அவை விரைவில் மீளவும் பயன்படுத்தப்படும். 2001இல் ஸ்காட் ஃப்ளூரர், இட்சிக் மன்டின், அடி ஷமீர் ஆகியோர் ஆர்சி4இன் திறவி அமைப்பு முறையிலுள்ள குறைகளை வெளியிட்டனர். கேட்டுத் திரட்டிய பொதிகளிலிருந்தே திறவியைக் கண்டறியும் வழி அதனால் திறந்தது. திறவியின் நீளம் இத்தாக்குதலுக்குப் பெருந்தடையாகவும் அமையவில்லை.

2003இல் சான்றளிப்புத் தொடங்கிய டபிள்யூபிஏ முறை, இருக்கும் அட்டைகளிலேயே நிலைமென்பொருள் மாற்றத்தால் இயங்கும்படி வகுக்கப்பட்டது. 2004இல் நிறைவுற்ற 802.11ஐ தரநிலையும் அதன்வழி வந்த டபிள்யூபிஏ2 முறையும் ஏஇஎஸ் மறையாக்கத்தை வேண்டின. பழைய அட்டைகள் பலவற்றின் வன்பொருளுக்கு அது இயலாது. 2006 மார்ச் முதல் புதிய கருவிகளின் சான்றிதழுக்கு டபிள்யூபிஏ2 கட்டாயமாக்கப்பட்டது.

இடைப்பட்ட ஆண்டுகளில் தயாரிப்பாளர் புதிய இயக்கி வழங்காத ஏற்பி ஒன்று வீட்டில் இருந்தால், அதனை இணைப்பதற்காக வலையமைப்பு முழுவதையும் வெப் முறைக்குத் தாழ்த்த வேண்டியிருந்தது. வீட்டிலிருந்த எல்லாக் கணினிகளின் மறைவும் அப்பழைய ஏற்பியின் அளவிற்குச் சுருங்கியது. வேகத்திலும் இந்நிலை உண்டு. 802.11பி ஏற்பி ஒன்று சேர்ந்தவுடன், 802.11ஜி கருவிகள் அதற்குப் புரியும் முன்னறிவிப்புச் சைகைகளை அனுப்பிய பின்னரே தம் செய்திகளை அனுப்ப நேர்ந்தது. அனைவரின் வேகமும் குறைந்தது. கருவியை ஆதரிப்பதை நிறுத்தும் தயாரிப்பாளரின் முடிவு, அக்கருவியை வாங்காதோரையும் பாதித்தது என்பதே இதன் பொருள்.

8. இந்தியச் சட்டப் பின்புலம்

ஏற்பி எவ்வளவு சிறிதாயினும் அது அலைகளை அனுப்பும் கருவி. இந்தியாவில் 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றிக் கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதையே தடைசெய்தது. விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. அவ்வதிகாரத்தின்படி 2005 ஜனவரியில் வெளியான விதிகள், 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் வரையறுத்த ஆற்றலுக்குட்பட்ட கருவிகளுக்கு, உட்புறம் வெளிப்புறம் என்னும் வேறுபாடின்றி உரிம விலக்கு அளித்தன. அமெரிக்க ஆணையத்தின் முடிவுக்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தன. தமிழகத்து வீடுகளில் கம்பியில்லா இணைப்புப் பரவியதை விளக்குவோர் அகலப்பட்டை இணைப்பின் விலையையும் கணினியின் விலையையும் கருதுவதோடு இச்சட்டப் படிநிலையையும் கருதுதல் வேண்டும்.

முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

வானொலி இல்லாத கணினியை இணைப்பது கம்பியில்லா வலையமைப்பின் பிற்சேர்க்கை அன்று. அலோஹா முதல் அத்துறையை வடிவமைத்த தொடக்கச் சிக்கல் அது.

செருகு அட்டையும் யூஎஸ்பி ஏற்பியும் வானொலியைக் கணினியின் பொறுப்பாக்கின. அதனால் விலை குறைந்தது, வசதி பெருகியது. அதே வேளையில் கருவியின் ஆயுள் அதன் வன்பொருளால் அன்றி, இயக்கி மென்பொருளைத் தயாரிப்பாளர் புதுப்பிக்கும் காலத்தால் வரையறுக்கப்பட்டது.

பாலம் வானொலியைத் தனிக்கருவியாகப் பிரித்தது. நன்கு வரையறுக்கப்பட்ட, நீண்ட காலம் மாறாத ஈதர்நெட் இணைப்பைச் சார்ந்தமையால், கணினியின் இயங்குதளம் எதுவாயினும் அது பயன்பட்டது. எனினும் பாலத்தின் நிலைமென்பொருளும் பராமரிப்பை வேண்டுவதே. பொறுப்பு மறையவில்லை, இடம் மாறியது.

திறந்த தரநிலை என்பது அது வரையறுக்கும் எல்லைக்குள் மட்டுமே திறந்தது. காற்றுவெளிச் சைகைகள் பொதுவான பின்னும் கணினிக்கும் அட்டைக்கும் இடையிலான சிறு இடைவெளி தனியுடைமையாக நீடித்தது. பயனர் தம் கருவியின்மீது கொண்ட உரிமை எவ்வளவு என்பது அந்த இடைவெளியிலேயே முடிவாயிற்று. வீட்டிலுள்ள பிற கருவிகளும் வலையமைப்பில் சேர்ந்துவரும் இக்காலத்தில், பராமரிப்பை இழந்த ஒரு கருவி வலையமைப்பு முழுவதையும் தாழ்த்தும் என்பதற்கு வெப் கால ஏற்பிகளின் வரலாறு முன்சான்றாக அமைகிறது.